கதவில் தொங்கிய கருப்பு

கல்யாணமாகி ஓசூருக்கு வந்த புதிதில், என் கணவர் ஷிஃப்டுக்குப் போகும்போது என்னை உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு போவார். அடித்ததில்லை, திட்டியதில்லை. பூட்டுவார், அவ்வளவுதான். கேட்டால், "சிப்காட் ஏரியா. எங்கெங்க இருந்தோ ஆளுங்க வந்து கெடக்கான். யார நம்புறது?" என்பார். நாமும் சிவகங்கையிலிருந்து வந்து கிடப்பவர்கள்தானே என்று கேட்க வாய் வரைக்கும் வரும். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்கா ஜன்னல் வழியாகத் தக்காளி நீட்டுவாள். பூட்டைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், போய்விடுவாள்.

அம்மாவிடம் சொல்லலாமென்றால் செல்போன் அவருடையது. நான் பேசி முடிக்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். "நல்லா இருக்கேம்மா" என்பதைத் தவிர வேறென்ன வரும்? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அம்மா போட்டோ கேட்டாள். இவரும் கம்பெனி நண்பரிடம் டிஜிட்டல் கேமரா இரவல் வாங்கி வந்தார். வந்த ஜோரில் பூட்டைக்கூடத் திறக்கவில்லை. "ஜன்னல்கிட்ட வா, வெளிச்சம் போறதுக்குள்ள எடுத்துடலாம்" என்று வாசலில் நின்றே எடுத்தார். அப்புறம் வீட்டுக்குள் எடுத்ததெல்லாம் இருட்டடித்துப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போனோம். படம் திரை முழுக்க விரிந்தது. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நான். பக்கத்துக் கதவில் கருப்பு இரும்புப் பூட்டு, பூட்டியபடி. சாவித் துவாரம்கூடத் தெரிந்தது. அம்மா இதைப் பார்த்தால் போதும், நான் ஒரு வார்த்தை பேச வேண்டாம், அன்றைக்கே தம்பியை பஸ் ஏற்றிவிடுவாள். இவர் கண்ணில் பூட்டு படவே இல்லை. தினமும் பூட்டுகிறவருக்கு அதில் பார்க்க என்ன இருக்கிறது?

தம்பியின் ஐடிக்கு அனுப்பிய மெயில் போகவில்லை, சுற்றிக்கொண்டே இருந்தது. "ஃபைல் பெருசு சார், அட்டாச் ஆவல. சின்னது பண்ணிடட்டா?" என்றார் கடைக்காரர்.

"பண்ணுங்க" என்றார் இவர்.

"அண்ணே, பெருசாவே இன்னொருக்கா அனுப்பிப் பாருங்களேன்" என்றேன்.

"இந்த நெட்டுக்கு அது போவாதும்மா. மொகம் தெரியுதுல்ல, வேற என்ன வேணும்?"

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கடைக்காரர் ஏதோ எண்களைத் தட்டினார், படம் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கியது. நான் அழகாகத்தான் இருந்தேன். பூட்டு இருந்த இடத்தில் ஒரு புள்ளி. அது சட்டென்று போய்ச் சேர்ந்தது. கேமராவைத் திருப்பித் தரவேண்டுமென்று அதிலிருந்ததையும் இவர் அழித்துவிட்டார். போச்சுடா என்று உட்கார்ந்தேன்.

ஆனால் அம்மா போனில், "ரொம்பச் சின்னதா இருக்குடி. பெருசு பண்ணச் சொல்லி ஸ்டுடியோவுல குடுத்திருக்கேன்" என்றாள். எனக்கு உயிர் வந்தது. படம் பெரிதானால் பூட்டும் பெரிதாகத்தானே வேண்டும்! அந்த வாரம் பூட்டுகிற சத்தம் கேட்டு எனக்கு எரிச்சல்கூட வரவில்லை. போய்விட்டு வாருங்கள் என்று சிரித்த முகமாக அனுப்பினேன்.

அடுத்த ஞாயிறு அம்மா கூப்பிட்டாள். இவர் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடிச் சட்டம் போட்டு நடுக்கூடத்துல மாட்டியாச்சுடி. மொகமெல்லாம் கட்டம் கட்டமா வந்துருக்கு. சின்னதாக்கி அனுப்புனதப் பெருசாக்குனா அப்படித்தான் வருமாம், ஸ்டுடியோக்காரர் சொல்றாரு."

"வேற ஒண்ணும் தெரியலயாம்மா?"

"கதவுல கருப்பா என்னமோ பெருசாத் தொங்குது. திருஷ்டிக்குக் கட்டியிருக்கீகளா?"

இவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"ஆமாம்மா" என்றேன்.

"நல்லதுடி. மாப்பிள்ளை விவரமானவரு" என்றாள் அம்மா. "அதக் கழட்டிப்புடாதீக. அப்படியே கெடக்கட்டும்."