படுத்துப் பார்க்காமல் வாங்கிய மெத்தை

பிள்ளையார்பாளையத்தில் இந்திராணியைத் தெரியாதவர்கள் இல்லை. அவளுக்கு என்ன நோய் என்று தெரிந்தவர்களும் இல்லை. யாராவது கேட்டால், "மூட்டு வலிதாம்மா, வயசாவுது இல்ல" என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவாள். நாற்பத்தாறெல்லாம் ஒரு வயசா? பெரிய ஆஸ்பத்திரியில் முடக்குவாதம் என்று சொல்லி, வாரத்துக்கு ஒரு நாள் போடுகிற மாத்திரையைக் கொடுத்து வருஷக்கணக்காகிறது. மாத்திரை வலியைக் கொஞ்சம் பிடித்து வைக்கும், போக்கடிக்காது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டுதான் குடிப்பாள். வெயில் ஏற ஏறத்தான் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கும். கேட்டதும் ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்து, வீட்டுக்காரரின் தறிக்குத் தார் சுற்ற ஆரம்பித்துவிடுவாள். சின்னச் சின்னக் குழலில் பட்டு நூலைச் சுற்றிக் கொடுக்க வேண்டும். அவள் சுற்றிக் கொடுத்தால்தான் அவர் நெய்ய முடியும்.

வீட்டுக்காரர் பெயர் திருஞானசம்பந்தம். ஆளைவிடப் பெயர் நீளமாக இருக்கிறதென்று தெரு அவரைச் சம்பந்தம் என்று சுருக்கிவிட்டது. நல்ல மனுஷர். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, பெண்டாட்டியை அதட்டியது கிடையாது. ஒரே ஒரு கர்வம் உண்டு, அது அவருடைய கை. பட்டு நூலை விரலுக்கிடையில் வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தால் போதும், பசை எவ்வளவு போயிருக்கிறது, முறுக்கு எப்படி என்று சொல்லிவிடுவார். மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கினாலும் அந்தக் கையைத்தான் நம்புவார். கர்வப்பட விஷயம் இருக்கிறது, படட்டும். அந்தக் கை மெத்தை வாங்கப் போனதுதான் வினையாகிவிட்டது.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தூக்கத்திலும் தறி நெய்கிற மனிதர் அவர். பகலெல்லாம் தறிக்குழிக்குள் காலை விட்டு மிதிக்கட்டையை மிதித்துப் பழகிய கால்கள், படுத்தாலும் நிற்காது. வலது, இடது, வலது, இடது என்று வெறும் காற்றை மிதித்துக்கொண்டே இருக்கும். கல்யாணமான புதிதில், இந்த மனிதருக்கு வலிப்பு கிலிப்பு இருக்கிறதோ, மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்களோ என்று இந்திராணி பயந்தே போனாள். விஷயம் புரிந்ததும் சிரிப்புத் தாங்கவில்லை. அன்றிலிருந்து காலையில் கண் விழித்ததும் முதல் பேச்சு அதுதான். "நேத்து எத்தினி முழம் நெய்ஞ்சேன்?" என்று அவர் கேட்பார். "ரெண்டு முழம். முந்தானை பாக்கி" என்பாள் அவள். மகன் லோகேஷ் பிறந்து, வளர்ந்து, ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்குத் தினம் பஸ்ஸில் போய்வருகிற ஆளாகிவிட்டான். அந்தக் கேள்வியும் பதிலும் மட்டும் மாறவில்லை. கொஞ்சத் தெரியாத அந்த மனிதருக்கு அதுதான் கொஞ்சல், அவளுக்கும் அது தெரியும்.

அதெல்லாம் பாயில் படுத்த காலம். தரை அசையாது, அவர் கால் அவர் பாயோடு போயிற்று. ஆனால் தரையிலிருந்து எழுந்திருப்பது அவளுக்கு முடியாமல் போய்க்கொண்டிருந்தது. முதலில் சுவரைப் பிடித்தாள், பிறகு லோகேஷின் தோளைப் பிடித்தாள். ஒரு நாள் எழவே முடியாமல் பாயிலேயே உட்கார்ந்து அழுதாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கண்டித்தே சொன்னார். "தரையில படுக்கிறத விட்டுடுங்கம்மா. கட்டில் போடுங்க. மெத்தை ரொம்ப மெத்துன்னும் வேணாம், கட்டை மாதிரியும் வேணாம். கடையிலயே படுத்துப் பாருங்க. வீட்ல எப்படித் தூங்குவீங்களோ, அப்படியே படுக்கணும்."

சொல்வது சுலபம். காந்தி ரோட்டில் இருந்த அந்த மெத்தைக் கடைக்கு முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. எதிரே பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம். அந்தக் கூட்டத்தில் இவர்கள் தெருப் பெண்கள் இரண்டு பேர் கூடையும் கையுமாக இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் துரைக்கண்ணு வரிசையாகப் போட்டிருந்த மெத்தைகளைக் காட்டி, "படுத்துப் பாருங்கம்மா, ஒண்ணும் கூச்சப்படாதீங்க" என்றார். நடுரோட்டில் இருக்கிற கடையில் ஒரு பொம்பளை காலை நீட்டிப் படுப்பதா? இந்திராணி மெத்தை ஓரத்தில், கல்யாண வீட்டு நாற்காலியில் உட்காருவதுபோல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டாள்.

சம்பந்தம் சும்மா இருப்பாரா? கையை விரித்து ஒவ்வொரு மெத்தையாக அமுக்கிப் பார்த்தார். கடைசியில் ஸ்பிரிங் வைத்த ஒரு பெரிய மெத்தை முன்னால் நின்றுவிட்டார்.

"இதுதாம்பா! கை வெச்சா தெரியல? வெண்ணெயாட்டம் இருக்குது. இந்திரா, எப்படிக்கீது சொல்லு."

அவர் முகத்தைப் பார்த்தாள். முதல் புடவையைத் தறியிலிருந்து அறுத்து முதலாளியிடம் கொண்டுபோன அன்று இருந்த முகம் அது. "நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டாள். அது பொய்யும் இல்லை. உட்கார நன்றாகத்தான் இருந்தது.

கட்டிலும் மெத்தையும் வண்டியில் வந்து இறங்கியபோது தெருவே பார்த்தது. எதிர்வீட்டில் இருக்கிற தங்கச்சி கலையரசியைச் சம்பந்தம் கூப்பிட்டு, "கை வெச்சுப் பாரு, கை வெச்சுப் பாரு" என்றார். கலையரசி கை வைத்துப் பார்த்தாள். "அண்ணிக்கு யோகம்தாண்ணா" என்றாள். யோகம்!

அந்த மெத்தை ஆளை உள்ளே இழுத்தது. இடுப்பு தாழ்ந்து, தோள் தாழ்ந்து, புரண்டு படுக்க வேண்டுமென்றால் கையை ஊன்றி எழும்ப வேண்டியிருந்தது. கைதானே அவளுக்கு ஆகவில்லை! அதையாவது பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வாள். அவர் கால் நெய்ய ஆரம்பித்ததும்தான் கதை கந்தலாயிற்று. ஒவ்வொரு மிதியும் ஸ்பிரிங் வழியாக வந்து அவள் இடுப்பில் இறங்கியது. இப்போது நிற்கும், இப்போது நிற்கும் என்று காத்திருந்தே விடிந்துவிட்டது. மறுநாள் காலை அவர் கண்ணைத் திறந்து, "எத்தினி முழம்?" என்றார். "நாலு முழம்" என்று சிரித்தாள். நாலு முழமும் உடம்பில் இருந்தது.

சொல்லிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். மெத்தை சரியில்லை என்றால் அவர் கைக்கு அவமானம், அதைக்கூட எப்படியாவது சொல்லிவிடலாம். உங்கள் பக்கத்தில் படுக்க முடியவில்லை என்று எப்படிச் சொல்வது? எந்தக் காலைச் சொல்லிச் சொல்லி இத்தனை வருஷம் இரண்டு பேரும் சிரித்தார்களோ, அந்தக் காலையே இப்போது குற்றம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

கட்டிலை விட்டு எழுந்துபோய், தறி அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தே தூங்க ஆரம்பித்தாள். கேட்டதற்குப் புழுக்கம் என்றாள். மார்கழி மாதத்தில் புழுக்கமாம்! விடியற்காலையில் கோலம் போட எழுந்த கலையரசி ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா அண்ணி, அண்ணன்கூடச் சண்டையா?"

"அதெல்லாம் இல்லம்மா. நீ கோலத்தப் போடு."

கலையரசிக்குக் கை கோலம் போட்டாலும் வாய் சும்மா இருக்காது. பொழுது சாய்வதற்குள் டீக்கடை வரைக்கும் விஷயம் போய்விட்டது. சம்பந்தம் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"என்மேல இன்னா கோவம் உனக்கு?"

"கோவமெல்லாம் இல்லீங்க."

"அப்ப நாற்காலி இன்னாத்துக்கு? நான் வாங்கியாந்தது உனக்குப் புடிக்கல. இல்லாங்காட்டி என்னையே புடிக்கல. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

அவள் சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்தாள். மறுநாள் காலை அவர் எத்தனை முழம் என்று கேட்கவில்லை. அதற்கடுத்த நாளும் கேட்கவில்லை. சாப்பாடு, தண்ணி எல்லாவற்றுக்கும் லோகேஷை நடுவில் வைத்துப் பேசினார். வலியைப் பொறுத்துப் பழகியவள், இதைப் பொறுக்க முடியாமல் திண்டாடினாள். கேட்காமல் போன அந்த ஒரு கேள்விக்காக அடுப்படியில் நின்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள்.

தூக்கம் இல்லாத உடம்பு எத்தனை நாள் தாங்கும்? ஒரு நாள் வெயில் நன்றாக ஏறியும் விரல்கள் மடங்கவேயில்லை. ராட்டையில் நூல் அறுந்தது. முடிச்சுப் போட்டாள், மறுபடி அறுந்தது. தறியில் தார் தீர்ந்துபோய், சம்பந்தம் குழிக்குள் காலைத் தொங்கவிட்டபடி காத்துக்கொண்டிருந்தார். சத்தம் போடலாம் என்று எழுந்து வந்தவர் அவள் மணிக்கட்டைப் பார்த்தார். பன் மாதிரி வீங்கியிருந்தது. அந்தக் கையைத் தன் கையில் எடுத்தார்.

"இன்னா இந்திரா இது, நெருப்பாச் சுடுது!"

அவ்வளவுதான், உடைந்துவிட்டாள். "அந்த மெத்தை ஆளை உள்ள இழுக்குதுங்க. திரும்பிப் படுக்க முடியல. அன்னிக்கு நான் படுத்துப் பாக்காம நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டேன்."

"தூ, இதுக்கா இவ்ளோ? மாத்திடுவோம். லோகேஷ் எடுத்துக்கட்டும், அவன் பாறை மேல போட்டாலும் தூங்குவான்."

அதோடு நிறுத்தியிருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். ஆனால் நிறுத்தினால் அடுத்த மெத்தையிலும் இதே கதைதான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்புறம்... உங்க காலுங்க."

சம்பந்தம் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். "இத்தினி நாளா சிரிச்சியே?"

"அப்ப வலிக்கல."

அவர் வேட்டியை இழுத்துக் கால்களை மூடிக்கொண்டார். தனித்தனியாக இரண்டு மெத்தை போடலாமா என்று அவள்தான் மெல்ல ஆரம்பித்தாள். தனித்தனி என்ற வார்த்தையே அவரைச் சுட்டுவிட்டது. "ஏற்கெனவே தெருவே பேசிக்கினு கீது. தனியா வேற படுக்கணுமா? காலு மிதிச்சாலும் தெரியாத மெத்தை எதனா இருக்கும். வா, போய்ப் பாப்போம்" என்றார்.

அதே கடை, அதே கண்ணாடி, வெளியே பஸ்ஸுக்கு அதே கூட்டம். இந்திராணி செருப்பைக் கழற்றினாள். புடவையை இழுத்துக் கால் தெரியாமல் மூடிக்கொண்டு, முட்டியை மடக்கி, கன்னத்துக்குக் கீழே கையை வைத்து, வீட்டில் படுப்பது போலவே ஒருக்களித்துப் படுத்தாள். வெளியே ஒருத்தி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். பார்க்கட்டும், வலி அவளுக்கா? இந்திராணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீங்களும் படுங்க" என்றாள் புருஷனிடம்.

"இங்கியா?"

"படுத்து மிதிங்க."

துரைக்கண்ணுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னாத்தம்மா மிதிக்கணும்?" என்றார். சம்பந்தம் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு மல்லாந்து படுத்து, ஊர் பார்க்க, இல்லாத தறியை மிதித்தார். வலது, இடது, வலது, இடது.

"தெரியுது" என்றாள். அடுத்த மெத்தை. "இதுவும் தெரியுது." இன்னொன்று கல்லாக இருந்தது, படுத்ததுமே எழுந்துவிட்டாள். பிறகு ஒன்றில் படுத்தபோது இடுப்பு தாழவும் இல்லை, குத்தவும் இல்லை. கையை ஊன்றாமலே திரும்ப முடிந்தது. ரொம்ப காலம் கழித்து உடம்பை யாரோ தாங்கிப் பிடித்ததுபோல இருந்தது.

"ம், மிதிங்க."

"மிதிச்சுக்கினுதான் இருக்கேன்" என்றார் அவர்.

ஒன்றும் தெரியவில்லை! ஒரு அசைவும் இல்லை. அப்பாடா, தனியாகப் படுக்க வேண்டாம், யாரும் பேச வேண்டாம், காலையில் அந்தக் கேள்வி திரும்பி வந்துவிடும். சந்தோஷத்தில் கண்ணைத் திறந்து அவர் பக்கம் திரும்பினாள்.

சம்பந்தம் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். ஒரு காலை இன்னொரு காலின் மேல் போட்டு, விரல்களை இறுக்கி, இரண்டையும் அசையாமல் பிடித்து வைத்திருந்தார்.

கோபம்தான் முதலில் வந்தது. என் வலியில் விளையாடுகிறாரே இந்த மனுஷர் என்று. அடுத்த நொடியே, பொய் சொல்லத் தெரியாத இந்த ஆளைப் பொய் சொல்ல வைத்தது எது என்று நினைத்ததும் மனசு இளகிப்போயிற்று.

"ஏங்க" என்றாள் மெதுவாக. "நெசமா மிதிங்க."

அவர் மிதித்தார். வந்தது. மற்றதைவிடக் குறைவுதான், ஆனால் இடுப்புக்கு வந்தது. ஒரு நாளைக்கு என்றால் தாங்கலாம். தினம் தாங்க முடியாது. இந்திராணி எழுந்து உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு துரைக்கண்ணுவைக் கூப்பிட்டாள்.

"இதே மெத்தை ஒத்தை ஆள் அளவுல ரெண்டு வாங்கி ஒரே கட்டில்ல போடலாங்களா?"

"தாராளமா போடலாம்மா. மேல ஒரே பெட்ஷீட்டா விரிச்சுட்டா, ரெண்டுன்னு யாருக்குத் தெரியப் போவுது?"

சம்பந்தம் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். "அப்பிடியே குடுத்துடுப்பா" என்றார், அவளைப் பார்க்காமல்.

மெத்தைகள் வந்தன. இந்த முறை கை வைத்துப் பார்க்க யாரையும் அவர் கூப்பிடவில்லை. மேலே ஒரே பெட்ஷீட்டை அவரே விரித்தார். நடுவில் இருந்த கோடு தெரிந்துகொண்டுதான் இருந்தது. உள்ளங்கையால் அதைத் திரும்பத் திரும்ப நீவிவிட்டார்.

மறுநாள் காலை அவள் கண் விழித்தபோது வெளிச்சம் வந்திருந்தது. விரல்கள் வழக்கம்போல மடங்கவில்லை. டம்ளரை இடுக்கித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. நோய் எங்கேயும் போய்விடவில்லை. ஆனால் தூங்கியிருந்தாள், நடுவில் ஒரு தடவைகூட எழாமல் தூங்கியிருந்தாள். சம்பந்தம் தறி அறை வாசல் வரைக்கும் போனவர், நின்று திரும்பினார். கேட்காமல் விட்டிருந்த கேள்வியை, சின்னப் பிள்ளை மாதிரி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நேத்து எத்தினி முழம் நெய்ஞ்சேன்?"

ரெண்டு முழம் என்ற பதில் அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. படுத்துப் பார்க்காமலே நல்லா இருக்குது என்று சொன்ன வாய்தானே, இதையும் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வார்த்தை இரண்டு பேரையும் எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்தாயிற்று.

"தெரியலீங்க" என்றாள். "நல்லா தூங்கிட்டேன்."

"நல்லது. அதான வேணும்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு அவர் உள்ளே போனார். குழிக்குள் கால் இறங்குகிற சத்தம் கேட்டது. இந்திராணி டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இனி அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருக்காது, அது அவருக்கும் புரிந்திருக்கும். காபி ஆறிப்போயிற்று. சுற்றிய தார் பக்கத்திலேயே இருந்தும் தறிச் சத்தம் வரவேயில்லை.