டேங்குக்குப் பூட்டு

பெட்ரோல் முள்ளு கீழ சாஞ்சா மொதல்ல வேர்க்கிறது டிரைவர் முதுகுதான்.

வேம்பார் ரோட்டுல

வண்டி ரெண்டு குலுக்கு குலுக்கி நின்னுட்டு. ரெண்டு பக்கமும் உப்பளம், ஒதுங்க ஒரு மரம் கெடையாது. காரு பின்சீட்டுல உப்பு மொதலாளி. வேம்பார் கடற்கரையில இருக்க அவுக உப்பு மூட்டைக் கிட்டங்கியப் பாத்துட்டுத் திரும்புறோம்; தோணி கெளம்புறதுக்குள்ள தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போயாகணும்.

காலையிலதான் பெட்ரோல் போட்டேன். போயிட்டு வர தாராளமாப் போதும். வெலை ஏறுன நேரம் வேற; டிரைவர்மாரு ரப்பர் குழாய் விட்டு உறிஞ்சி விக்கிறாங்கன்னு ஊரே பேசுது. உங்களுக்கும் இப்பிடி நடந்திருக்கா? நாம எடுக்கல, ஆனா டேங்கு காலி! மொதலாளி சத்தம் போடல. கண்ணாடியில என் மூஞ்சியவே பாத்துட்டு மெதுவாக் கேட்டாவ: "ஏலே, பெட்ரோல வண்டி குடிச்சுச்சா, நீ குடிச்சியா?"

பூட்டு

மறுநாள் டேங்கு மூடிக்குப் பூட்டு. சாவி மொதலாளி இடுப்புல. இன்னொரு தடவ நடுவழியில நின்னா எனக்கு வேலை இல்ல.

பிளக்கக் கழட்டித் தேச்சேன். கார்புரேட்டரக் கழுவுனேன். எங்கயாவது ஒழுகுதான்னு வண்டிக்கு அடியில படுத்து மோந்துகூடப் பாத்தேன். ஒண்ணுமில்ல. பூட்டுப் போட்டும் பெட்ரோல் கொறையுது. சரி, இனியாவது நம்புவாகன்னு நெனச்சா, கணக்கப்பிள்ளை மொதலாளி காதுல போட்டாரு: "அண்ணாச்சி, பய கள்ளச்சாவி செஞ்சுட்டான் போல."

துறைமுக வாசல்ல

அடுத்த தடவ வேம்பார் போயிட்டு வந்த அன்னைக்குன்னு பேட்டரி மக்கர். பின்னால லாரி ஹாரன் அடிக்கான். லோடுமேன் ரெண்டு பேரு வண்டியத் தள்ளக் கை குடுத்தாவ. சமதரைதான், வண்டி அசைவேனாங்குது. உங்க வண்டியும் இப்பிடி மானத்த வாங்கியிருக்கா? ஒருத்தரு முதுக நிமித்திட்டுச் சொன்னாரு: "தம்பி, மொதல்ல நங்கூரத்தத் தூக்கு."

நங்கூரம்

குனிஞ்சு பாத்தேன். நாலு டயரும் சப்பிக் கெடக்கு! கடற்கரை மணல்ல புதையாம இருக்க டயர்ல பாதிக் காத்த எறக்கிட்டுத்தான உள்ள போவோம்? தார் ரோட்டுக்கு வந்து திரும்ப அடிக்கிறத மறந்தே போனேன். போதாததுக்கு முன்டயரு உள்பக்கம் மட்டும் அரம் போட்டாப்புல தேஞ்சிருக்கு. துறைமுகத் தண்டவாளத்துல பட்ட அடியில ரெண்டு சக்கரமும் ஆளுக்கொரு தெச பாக்குது. நேரா உருளாம தேச்சுக்கிட்டே போற சக்கரத்த இழுக்க எஞ்சின் பெட்ரோல குடிக்காம என்ன செய்யும்?

நூல் புடிச்சு அலைன்மென்ட் பாத்து, காத்தடிச்சு, மறுபடி வேம்பார். எனக்கு முள்ளுமேலதான் கண்ணு. பாதிக்குக் கீழ எறங்கல! மணலக் கண்டதும் மொதலாளி வழக்கம்போல காத்த எறக்கச் சொன்னாவ. எறக்குனேன். திரும்பயில தார் ரோட்டோரம் நிப்பாட்டி, புதுசா வாங்குன கைப்பம்ப எடுத்தேன். மூணு டயரு அடிக்கிறதுக்குள்ள மூச்சு முட்டிட்டு. மொதலாளி எறங்கி, வேட்டிய மடிச்சுக் கட்டி, நாலாவது டயர அவுகளே அடிச்சாவ. வேர்வையத் தொடச்சுட்டு இடுப்புச் சாவிய உருவி நீட்டுனாவ: "இத நீ வச்சுக்கலே. பம்ப நான் வச்சுக்கிடுதேன்."

பெட்ரோலுக்கு என்னைய நம்பிட்டாவ, காத்துக்குத்தான் இன்னும் நம்பல.