எழுதாமல் விட்ட ஊசி

என் வீட்டுக்காரரின் அக்காதான் அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு நர்ஸ் வேலை வாங்கிக் கொடுத்தவர். காலை ஷிஃப்ட் அவருக்கு, அடுத்த ஷிஃப்ட் எனக்கு. குடியிருப்பதும் ஒரே லைன் வீட்டில், அடுத்தடுத்த வாசல். வேலையிலும் அண்ணி, வீட்டிலும் அண்ணி. நான் எங்கே போய் வாயைத் திறப்பது?

ஊசி போட்டால் உடனே சார்ட்டில் எழுத மாட்டார். "எனக்கென்ன நாலு கையா இருக்குது கண்ணு? கடைசியா மொத்தமா எழுதிக்கலாம்" என்பார். கடைசியில் ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார்.

அன்று ஒடிசாக்காரர் ஒருவர், பனியன் கம்பெனி டெய்லர், சர்க்கரை ஏறிப் படுத்திருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு முன் போடவேண்டிய இன்சுலின் போட்டதாகச் சார்ட்டில் இல்லை. சாப்பாடும் வரவில்லை. அண்ணி போனை எடுக்கவில்லை. ஊசி குத்துவதுபோல் காட்டி, "போட்டாங்களா?" என்று அவரிடமே கேட்டேன். "ஹாங்" என்றார். "போடலையா?" என்றேன். அதற்கும் "ஹாங்". தமிழ் புரியாமல், சூப்பர்வைசர் எதைக் கேட்டாலும் ஆமாமென்று தலையாட்டிப் பழகிய மனுஷன். போடாமல் விட்டால் சர்க்கரை ஏறும். இன்னொரு முறை போட்டால் உயிரே போய்விடலாம். அண்ணி மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

எதற்கும் சர்க்கரையைப் பார்த்துவிடுவோம் என்று விரலைப் பிடித்தேன். ஃபேனுக்கு நேர் கீழே படுத்திருந்தும் கை சொதசொதவென்று வேர்த்து, விரல் நடுங்கியது. பார்த்தால் சர்க்கரை கிடுகிடுவென இறங்கியிருக்கிறது. அட முருகா, அப்படியென்றால் ஊசி போட்டாயிற்று! குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வைத்து, டாக்டரைக் கூப்பிட்டேன். டெய்லர் தெளிந்து உட்காரும்வரை எனக்கு உயிரே இல்லை.

அதற்குப் பிறகுதான் அண்ணி போனை எடுத்தார். "போட்டேங்கறேன்ல. நீயே எழுதி எங் கையெழுத்தப் போட்டுரு. ஊட்டு ஆளுதானே?"

"முடியாதுங்க அண்ணி" என்றேன். டாக்டர் கேட்டதும் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டேன்.

வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. "ஊட்டுப் புள்ளையவே காட்டிக் குடுத்துட்டு வந்திருக்கறயே, நீயெல்லாம் நல்லா இருப்பியா?" என்றார் மாமியார். வீட்டுக்காரர் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அங்கேயும் இருக்க முடியாது, எழுந்து போகவும் இடமில்லை. எனக்கு அழுகையாக வந்தது.

மாமியாருக்கும் சர்க்கரை உண்டு. சாப்பாட்டுக்கு முன் அண்ணிதான் தினமும் வந்து ஊசி போடுவார். அன்றும் வந்து சிரிஞ்சில் மருந்தை ஏற்றினார். மாமியார் கையை இழுத்துக்கொண்டார்.

"நீ வேண்டாங் கண்ணு" என்றார் மகளிடம். பிறகு, என் முகத்தைப் பார்க்காமலே கையை என் பக்கம் நீட்டினார்.

"இவளே போடட்டும்."