வெட்டச் சொன்ன இரண்டு பத்திகள்

கௌஹருக்கு முப்பத்தோரு வயது. அல்மாட்டியில் மாவு ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில், விற்பனைப் பிரிவில் ஏழு வருடமாக இருந்தாள். லண்டனில் இருக்கும் ஒரு வணிகக் கல்லூரிக்கு இரண்டு முறை விண்ணப்பித்திருந்தாள். இரண்டு முறையும் நேர்காணலுக்குக்கூடக் கூப்பிடவில்லை. மூன்றாவது முறைக்குத் தயாராகிக்கொண்டிருந்த நவம்பரில், பக்கத்து மேசைக் கம்ஷத் தேநீர்க் கோப்பையோடு வந்து, தானும் அதே கல்லூரிக்குப் போட்டுப் பார்க்கப் போவதாகச் சொன்னாள்.

அவள் சொன்ன விதம்தான் கௌஹருக்குச் சுருக்கென்றது. கடைக்குப் போகிற போக்கில் உருளைக்கிழங்கும் வாங்கி வரலாம் என்பதுபோலச் சொன்னாள்.

கம்ஷத் வடக்கே கோஸ்தனாய் நகருக்குப் பக்கத்துச் சிற்றூர்க்காரி. பல்கலைக்கழகத்தில் இருவரும் ஒரே வகுப்பு. விடுதியில் இடம் கிடைக்காத முதல் குளிர்காலம் முழுக்க அவள் படுத்துறங்கியது கௌஹர் வீட்டு சோபாவில்தான். இந்த வேலைக்கு அவள் பெயரைச் சொன்னதும் கௌஹர்தான். வந்த நாளிலிருந்து மாவு ஏற்றிய ரயில் வேகன்களை அனுப்புகிற மேசை அவளுடையது. எரிந்து விழுகிற ரயில்வே குமாஸ்தாக்கள்கூட அவள் குரலைக் கேட்டால் இளகிவிடுவார்கள். கௌஹரின் அம்மா விருந்து நாட்களில் இறைச்சியில் நல்ல துண்டாகப் பார்த்து அவள் தட்டில் வைப்பாள். இந்தப் பெண்ணுக்கு எதையும் மறைக்கத் தெரியாது என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுவாள். பெற்ற மகள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள்.

விண்ணப்பத்தில் எல்லோரையும் தடுக்கி விழ வைக்கிற கேள்வி ஒன்று இருந்தது. நீங்கள் தோற்ற ஒரு சந்தர்ப்பத்தை ஐந்நூறு சொற்களில் எழுதவேண்டும். கௌஹர் ஓர் ஆலோசகரை வைத்து எழுதினாள். பன்னிரண்டு பேர் கொண்ட குழுவை நடத்தி தாஷ்கண்டில் புதிய சந்தை பிடித்ததாகவும், எல்லாப் பாரத்தையும் தானே சுமந்ததுதான் தன் தோல்வி என்றும் அதில் இருந்தது. தோல்வி என்று பெயர் வைத்து மாலை போட்டுக்கொண்ட கட்டுரை. படிக்கப் படிக்க அவளுக்கே தன்மேல் மதிப்பு கூடியது.

ஒரு வாரம் கழித்து, மதியச் சாப்பாட்டின்போது கம்ஷத் இரண்டு தாள்களை நீட்டினாள்.

"படிச்சுப் பாருடி. எனக்கு இப்படியெல்லாம் எழுதிப் பழக்கமில்ல. நீதான் ரெண்டு தடவை எழுதியிருக்க."

குத்திக்காட்டுகிறோம் என்பது அவளுக்குத் தெரியவே இல்லை. அதுதான் இன்னும் வலித்தது.

கௌஹர் படித்தாள். வேலைக்கு வந்த முதல் வருடம் கம்ஷத், வேகன்கள் போய்ச் சேரவேண்டிய ரயில் நிலையத்தின் எண்ணில் ஒரு இலக்கத்தை மாற்றி எழுதிவிட்டாள். தெற்கு எல்லைக்குப் போகவேண்டிய பதினோரு வேகன் மாவு மேற்கே எங்கோ ஒரு ஒதுக்குத் தண்டவாளத்தில் பத்தொன்பது நாள் மழையில் நின்றது. வேகன்களைக் காணோம் என்று தெரிந்த முதல் நாளே, தப்பு தன்னுடையது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் மேலாளர் ரயில்வே குமாஸ்தா ஒருவரைத் தொலைபேசியில் திட்டித் தீர்த்ததை, இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு நாளும் தனக்குத் தானே என்னென்ன சமாதானம் சொல்லிக்கொண்டாள் என்பதை இரண்டு பத்தியில் எழுதியிருந்தாள். மூன்றாம் நாள் காலை போய் ஒப்புக்கொண்டாள். முடிவில் பெரிய பாடம் எதுவும் இல்லை. 'இப்போது ஒவ்வொரு முறையும் அந்த எண்ணை எதிர்முனையில் இருப்பவருக்கு உரக்கப் படித்துக் காட்டுகிறேன்' என்று மட்டும் எழுதியிருந்தாள்.

தட்டில் லக்மான் நூடுல்ஸ் ஆறிப்போயிருந்தது. கௌஹருக்கு வயிறு எரிந்தது. இரண்டு வருடம், மூன்று ஆலோசகர்கள், எத்தனையோ பிரதிகள். இவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதிக் கொண்டுவந்திருக்கிறாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா நடுவுல அந்த ரெண்டு பத்தியை எடுத்துடு. ரெண்டு நாள் வாயை மூடிட்டு இருந்தேன்னு நீயே எழுதிக் கொடுத்தா, உன்னை எவன் நம்புவான்? தப்பு நடந்துச்சு, கண்டுபிடிச்சேன், சரி பண்ணேன்னு முடி."

"ஆனா அதுதானே நடந்துச்சு?"

"நடந்ததையெல்லாம் எழுதணும்னு யாருடி சொன்னா?"

கம்ஷத் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். அவளுக்கு கௌஹர்மேல் அவ்வளவு நம்பிக்கை. தாள்களைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. கௌஹர் அவற்றை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அதன்பின் பேருந்தில் போகும்போதும் வரும்போதும் எடுத்துப் படித்தாள். எங்காவது ஒரு வரி பொய்யாக ஒலிக்குமா என்று தேடினாள். கிடைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் எரிச்சல் கூடியதுதான் மிச்சம்.

டிசம்பர் கடைசியில் மேலாளர் ஒண்டாசின் அவளைத் தன் அறைக்கு அழைத்தார். ஐம்பது தாண்டியவர். அலுவலகமே அவரை அண்ணன் முறை வைத்து 'அகா' என்றுதான் கூப்பிடும். இருவருக்கும் பரிந்துரைக் கடிதம் எழுதவேண்டியவர் அவர்தான். கட்டுரைகளைக் கேட்டு வாங்கியிருந்தார்.

முதலில் கம்ஷத்தின் தாளைத் தட்டினார். அந்த வேகன் விஷயத்தில் தானாக வந்து ஒப்புக்கொண்டதைத்தான் தன் கடிதத்தில் முதல் வரியாக எழுதியிருக்கிறாராம். அவள் கட்டுரையிலோ அந்தப் பேச்சே இல்லை, என்ன ஆயிற்று இந்தப் பெண்ணுக்கு என்று கேட்டார். கௌஹர் தெரியாது என்றாள். அந்த நிமிஷத்திலும் அவள் மனம், என்னைப் பற்றி முதல் வரியில் என்ன எழுதியிருப்பார் என்றுதான் கணக்குப் போட்டது.

அவர் அடுத்த தாளை எடுத்தார்.

"கௌஹர், நான் கையெழுத்துப் போடணும். அதனால கேக்கறேன், கோவிச்சுக்காதே. தாஷ்கண்டுல பன்னெண்டு பேரை நடத்தினேன்னு எழுதியிருக்கே. யாரும்மா அந்தப் பன்னெண்டு பேரு?"

தாஷ்கண்டுக்குப் போனது நாலு பேர். நடத்தியது அவர். அவள் விளக்கப்படங்கள் தயாரித்தாள், விடுதி அறைகள் பதிவு செய்தாள்.

"அந்த விளக்கப்படம் இல்லேன்னா நாங்க அங்க வாயைத் திறந்திருக்க முடியாது," என்றார் அவர். "அதை எழுதியிருந்தா ரெண்டு கையாலயும் கையெழுத்துப் போட்டிருப்பேன்."

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கௌஹர் மேசைக்குத் திரும்பவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு பூங்காவை இரண்டு சுற்று சுற்றினாள். வெட்கமாக இருந்தது உண்மைதான். வெட்கத்துக்கு அடியில் பொறாமையும் அப்படியே இருந்தது. கம்ஷத்துக்கு அவர் எழுதிய முதல் வரியை ஒரு எலும்புத்துண்டைப்போல மனம் கடித்துக்கொண்டே இருந்தது. விண்ணப்பக் கெடு முடிய இன்னும் ஆறு நாள். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டு நாள் அவள் ஒன்றும் சொல்லவும் இல்லை.

மூன்றாம் நாள் தேநீர் இடைவேளையில் கம்ஷத்தை ஜன்னலோரம் அழைத்தாள்.

"அந்த ரெண்டு பத்தியைத் திரும்பச் சேர்த்துடு."

"ஏன்? நீதானே எடுக்கச் சொன்ன."

"அது நல்லா இருந்துச்சு. அதான் எடுக்கச் சொன்னேன்."

கம்ஷத்துக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் அவள் முகம் சிவந்தது. கத்துவாள் என்று எதிர்பார்த்த கௌஹர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கம்ஷத் கத்தவில்லை.

"பழசை அழிச்சுட்டேனே. என்ன எழுதினேன்னு இப்ப எனக்கே ஞாபகம் இல்ல."

கௌஹர் கைப்பையிலிருந்து அந்தத் தாள்களை எடுத்துக் கொடுத்தாள். மடிப்புகள் நைந்து கிழியும் நிலையில் இருந்தன. கம்ஷத் அதைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், வாங்கிக்கொண்டு போனாள்.

கௌஹர் தன் கட்டுரையைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக எழுதினாள். கம்ஷத்துக்குச் செய்ததை எழுதலாமா என்று ஒருமுறை தோன்றியது. நல்ல கட்டுரையாக வரும் என்பது தெரிந்ததும் அவளுக்குக் கூசியது. விட்டுவிட்டாள். பதிலாக, ஏழு வருடம் மற்றவர்கள் பேசுவதற்கான படங்களைச் செய்து கொடுத்துவிட்டு, ஒருமுறைகூட 'நான் பேசுகிறேன்' என்று கேட்காமல், தான் கேட்காததற்கு மற்றவர்கள்மேல் கோபப்பட்டதை எழுதினாள். ஒண்டாசின் படித்துவிட்டு மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

இந்த முறை அவளுக்கு நேர்காணல் கிடைத்தது. அதோடு சரி. மார்ச்சில், நவ்ரூஸ் புத்தாண்டு வாரத்தில் முடிவு வந்தபோது கம்ஷத்துக்கு இடம், அவளுக்கு இல்லை. அலுவலகத்தில் எல்லோரும் கம்ஷத்தைக் கட்டிப்பிடித்தார்கள். கௌஹரும் கட்டிப்பிடித்தாள். கம்ஷத்தின் கைகள் அவள் முதுகைத் தொட்டன, அழுத்தவில்லை. செய்தி கேட்ட கௌஹரின் அம்மா ஃபோனில் சந்தோஷத்தில் அழுதாள். கௌஹர் குளியலறைக்குள் போய் வேறு காரணத்துக்காக அழுதாள்.

கம்ஷத் ஆகஸ்டில் கிளம்பினாள். பண்டிகைக்கு வாழ்த்து அனுப்புவாள், கௌஹர் அம்மாவின் முழங்கால்வலியை விசாரிப்பாள். எதையும் படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பியதில்லை.

கௌஹர் அடுத்த வருடம் விண்ணப்பிக்கவில்லை. ஒண்டாசினிடம் போய், அடுத்த தாஷ்கண்டு கூட்டத்தில் தான் பேசவேண்டும் என்று கேட்டாள். அவர் சரி என்றார். முதல் பத்து நிமிஷம் குரல் நடுங்கியது, பிறகு நடுக்கம் நின்றது. இப்போது அலுவலகத்து இளம்பெண்கள் அவளிடம் கட்டுரைகளைக் கொண்டுவருகிறார்கள். பெரும்பாலானவற்றை நிம்மதியாகப் படித்துவிடுவாள். எப்போதாவது ஒன்று வரும், இரண்டாவது பத்தியிலேயே வயிறு எரியத் தொடங்கும். அப்போது பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "இதுல ஒரு எழுத்தைக்கூட மாத்தாதே. யார் சொன்னாலும் மாத்தாதே," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.