ஒரு குச்சி உரசிப் பார்த்த கதை

ரத்தப் பரிசோதனைத் தாளை லேமினேட் செய்து சட்டைப்பையில் வைத்துத் திரிந்த ஒரே ஆள் கோவில்பட்டியில் நானாகத்தான் இருப்பேன். எச்.ஐ.வி. இல்லை என்றது அந்தத் தாள். அது கைக்கு வந்த அன்று வீட்டுக்குக் கடம்பூர் போளி வேறு வாங்கிப் போனேன். என்ன விசேஷம் என்று மனைவி கேட்டாள். சும்மாதான் என்றேன்.

சும்மா இல்லை. தீப்பெட்டி ஆர்டர் பிடிக்க வடக்கே போன இடங்களில் செய்த தப்பு எனக்குத் தெரியும். நான்கு மாதமாக விட்டுவிட்டுக் காய்ச்சல், வாயில் வெள்ளைப் படலம், இடுப்பில் நிற்காத வேட்டி. தெரிந்த முகம் இல்லாத ஊரில் ஒரு லேபில் விரலைக் கொடுத்தேன். ரத்தத்தைச் சொட்டிய சோதனைப் பட்டையில் ஒரே கோடு. இல்லை என்று அர்த்தம். எங்கள் தொழிலில் ஒரு பெட்டியைத் திறந்து ஒரு குச்சியை உரசுவோம். பற்றினால் மொத்தச் சரக்கும் லாரி ஏறும். என்னையும் அப்படியே ஏற்றிவிட்டேன்.

அதுவரை சாக்குச் சொல்லித் தள்ளிப் படுத்தவன், தாள் வந்த பிறகு தள்ளிப் படுக்கவில்லை.

காய்ச்சலுக்குத்தான் தாள் படிக்கத் தெரியவில்லை. இரண்டு மாதத்தில் மாடிப்படி ஏற முடியாமல் போனது.

பெரியாஸ்பத்திரி டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணாச்சி, இந்தக் கிருமி பெருகப் பெருக மரபணு மாறிக்கிட்டே இருக்கும். சில வகை ரொம்ப விலகிப் போயிரும். பட்டை தேடுத அடையாளம் அதுல இல்லன்னா, அபூர்வமா நழுவிரும். வேற முறையில பாப்போம்."

வேறு அடையாளம் வைத்துத் தேடிய சோதனையும், வைரல் லோடும் (ரத்தத்தில் கிருமியின் அளவு) என்னைப் பிடித்துவிட்டன.

"வீட்ல அவியளையும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

அவளுடைய ரத்தப் பரிசோதனை முடிவு வர மூன்று நாள். சமைத்தாள், பேசவில்லை. எனக்கு வேண்டிக்கொள்ளக்கூட வெட்கமாக இருந்தது. சாமியிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது? சோற்றை அவள் தூரத்திலிருந்து தள்ளியிருந்தாலாவது நிம்மதியாக இருந்திருக்கும். எப்போதும்போல் பக்கத்தில் வந்துதான் பரிமாறினாள்.

இரண்டு விதச் சோதனையிலும் அவளுக்கு இல்லை. மூன்று மாதம் கழித்தும் இல்லை.

என்னைப் போல லேப் வாசலில் நிற்பவர்களுக்குச் சொல்கிறேன்: பட்டை பெரும்பாலும் உண்மையே பேசும். உடம்பு அதை ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒரு பட்டையோடு நிறுத்தாதீர்கள்.

இப்போது எனக்கு நாள் என்பது ஒரு மாத்திரைக்கும் அடுத்த மாத்திரைக்கும் நடுவில் கிடைப்பது. உடம்பு சொன்னால் நம்புகிறேன். நான் சொன்னால் நம்புவதில்லை.

அவளுடைய இரண்டாம் முடிவை வாங்கி இருவரும் திரும்பிய பஸ்ஸில், எதையாவது பேச வேண்டுமே என்று, "எனக்கு வந்தது லேசுல சிக்காத அபூர்வ வகையாம்" என்றேன்.

மூன்று மாதத்தில் முதல்முறையாகப் பதில் வந்தது, ஜன்னலைப் பார்த்தபடி.

"மாத்திரை எல்லாருக்கும் ஒண்ணுதான குடுத்தாவ."