நாற்பது படுக்கைக்கு நாற்பது ஆல்பம்

தனசீலனுக்கு ஒரு குணம். யாராவது ஓர் உதவி செய்துவிட்டால் போதும், அதைத் திருப்பிச் செய்கிறவரை அவனுக்குச் சோறு இறங்காது. ஒரு டீ வாங்கிக் கொடுத்தவனைத் தாராவி முழுக்கத் தேடிப் பிடித்து, இரண்டு டீயாக வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். அப்படிப்பட்டவனுக்கு ஒருவர் உயிரையே பிடித்து நிறுத்திக் கொடுத்தால் அவன் பாடு என்ன ஆகும், சொல்லுங்கள்!

நாசரேத் பக்கத்துக்காரன். தாராவியில் மருந்துக்கடைகளுக்குக் கவர் செய்கிற ஒரு பட்டறையில் தாள் வெட்டுகிற வேலை. மாத்திரை போட்டுக் கொடுப்பார்களே, மங்கலாக உள்ளே தெரியும் பட்டர் பேப்பர் கவர், அதுதான். அறுபத்து மூன்றாம் வருஷம் இருமலோடு ரத்தம் வந்தது. கடற்கரையோரம் இருந்த டி.பி. ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். நாற்பது படுக்கை வார்டு. பதினேழாம் நம்பர் இவனுக்கு.

பதினெட்டாம் நம்பரில் அனந்தநாராயணன் இருந்தார். மாதுங்காக்காரர். ஒரு கப்பல் கம்பெனியில் வெளிநாட்டுத் தபால் பார்க்கிற குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆபீஸ் நண்பர் ஒருவர் வந்து, உறைகளிலிருந்து கத்தரித்த ஸ்டாம்புகளை ஒரு பொட்டலமாகக் கொடுத்துவிட்டுப் போவார். இவர் அவற்றைத் தண்ணீரில் ஊறவைத்து, உரித்து, தலையணை உறைமேல் காயப்போட்டுக்கொண்டு கிடப்பார். சுத்தக் கிறுக்கு என்றுதான் தனசீலன் நினைத்தான்.

அந்த நோயில் ஒரு சூது உண்டு. நாலைந்து மாதம் ஊசி போட்டதும் இருமல் நின்றுவிடும். சதை பிடிக்கும். ஆளுக்குச் சரியாகிவிட்ட மாதிரியே இருக்கும். உள்ளே புண் ஆறியிருக்காது. அந்த நேரத்தில்தான் ஆட்கள் சுவரேறிக் குதித்து ஓடுவார்கள். ஆறு மாதம் கழித்து ஸ்ட்ரெச்சரில் திரும்பி வருவார்கள். சிலர் அப்படியும் வரமாட்டார்கள்.

ஐந்தாவது மாதம் ஒரு புதன்கிழமை மத்தியானம் தனசீலனும் துணியை மூட்டை கட்டினான். காவல்காரர் சாப்பிடப் போகிற நேரம் அவனுக்குத் தெரியும். எழுந்து நின்றவனைப் பக்கத்துப் படுக்கைக்காரர் பார்த்துவிட்டார். அன்றைக்கென்று அவர் ஆஸ்பத்திரி உடுப்பைக் கழற்றிவிட்டு ஒரு வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். யாரோ பார்க்க வருகிறார்கள் போலிருக்கிறது என்று தனசீலன் நினைத்துக்கொண்டான்.

"கிளம்பியாச்சா?" என்றார் அனந்தநாராயணன்.

தனசீலன் மூட்டையைத் தோளில் போட்டான்.

"போறதுன்னா போம். ஒரு நிமிஷம் இதைப் பாரும்." ஒரு தாளை நீட்டினார். ஒரு வெளிநாட்டுப் பறவை வரிசை. ஆறு கட்டம் போட்டு ஐந்தில் ஸ்டாம்ப் இருந்தது. ஆறாவது காலி. "அதுல ஒரு மீன்கொத்தி வரணும். ஞாயித்துக்கிழமை கிடைச்சுடும். இந்தத் தாள் இனிமே உம்மோடது. ஒட்டிட்டுப் போமேன். நாலு நாள்தானே?"

இவனும் என்ன நினைத்தானோ, மூட்டையை இறக்கி வைத்தான். ஞாயிற்றுக்கிழமை மீன்கொத்தி வந்தது. கூடவே இன்னொரு தாளும் வந்தது, அதிலும் ஒன்று குறைவாக. அப்படியே பதினாலு மாதம் ஓடிப்போயிற்று. அறுபத்தைந்து ஜனவரியில், இனி மருந்து வேண்டாம் என்று டாக்டரே சொல்லித்தான் வெளியே வந்தான். அதற்கு ஒரு மாதம் முன்பே அனந்தநாராயணனும் குணமாகி மாதுங்காவுக்குப் போயிருந்தார்.

வெளியே வந்ததும் ஆரம்பித்துவிட்டது நம் ஆளுக்கு அரிப்பு. அனந்தநாராயணன் வீட்டுக்குப் பழம் கொண்டுபோனான். "எனக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம்பா" என்று அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். பழத்தோடு வார்டுக்கே போனான். வார்டு சிஸ்டர் ஏஞ்சலம்மாள் நாகர்கோவில் பக்கம். வாயைத் திறந்தால் வார்டு நடுங்கும்.

"எனக்குப் பழம் எதுக்கு?" என்றாள் அவள். "போன மழைக்கு ஏழு பேரு ஓடினானுவ. மழை விழுந்தா போதும், கொங்கணத்துக்காரனுக்கு விதைக்கப் போவணும். அந்த ஏழு பேருல மூணு பேரு இப்ப உயிரோட இல்ல. இந்த மழைக்கு ஒருத்தனும் ஓடாம இருக்க வழி தெரிஞ்சா சொல்லு."

"தெரியும் சிஸ்டர்" என்றான் தனசீலன். தன் மீன்கொத்திக் கதையைச் சொன்னான்.

சிஸ்டர் கேட்டு முடித்தாள். "நல்ல காரியம். ஆனா குடுத்தா நாப்பது பேருக்கும் குடு. நாலு பேருக்குக் குடுத்துட்டு முப்பத்தாறு பேரை ஏங்க வைக்கிற வேலை இந்த வார்டுல வேண்டாம். ஜூன் முடியதுக்குள்ள வரணும்."

நாற்பது! ஒன்றென்றால் ஆசைக்கு வாங்கலாம். நாற்பதென்றால் மொத்த வியாபாரி மாதிரி யோசிக்க வேண்டும். ஸ்டாம்புக்குக் கவலையில்லை. அனந்தநாராயணன் ஆபீசில் சொல்லி மூன்று சாக்கு உறை மூலைகளைச் சேர்த்துவிட்டார், மாதுங்கா வீட்டில் குளிக்கிற வாளி முழுக்க ஸ்டாம்புதான் ஊறியது. ஆல்பத்துக்குத்தான் கோட்டைப் பகுதி ஸ்டாம்புக் கடைகளில் விலை கேட்டான். ஒன்றின் விலையைக் கேட்டதுமே, "அச்சா, அப்புறம் வாரேன்" என்று படியிறங்கிவிட்டான்.

பிறகு மூளை வேலை செய்தது. வருஷம் பிறந்து நாலு மாதமான பின் விற்காத காலண்டரை யார் சீந்துவார்கள்? பழைய பேப்பர் வாங்குகிற ரத்திக் கடையில் எடைக்குத்தான் போகும். முன்பக்கம் லட்சுமி, சரஸ்வதி. பின்பக்கம் நல்ல கெட்டியான வெள்ளைத் தாள். ஒரு கட்டு வாங்கித் தலைச்சுமையாகக் கொண்டுவந்தான். மனைவி செல்வமேரி கோணி ஊசியால் நாற்பது ஆல்பத்தையும் தைத்தாள்.

"வீடு நிறைய லட்சுமியத் தச்சு வச்சிருக்கேன்" என்றாள் அவள், சர்ச் போதகரை நினைத்துக்கொண்டு. "வேதக்கோயில் ஐயரு வந்து கேட்டா நீங்களே பதில் சொல்லிக்கிடுங்க. என்னைய இழுக்காதிய."

மிச்சம் இருந்தது ஒட்டுகிற சாமான். ஹிஞ்ச் என்பார்கள். நகத்தளவு தாள்துண்டு, ஒரு பக்கம் பசை. மடித்து நுனிநாக்கில் ஈரம் காட்டி, ஒரு பாதியை ஸ்டாம்பின் முதுகிலும் மறுபாதியைத் தாளிலும் ஒட்ட வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு, யானை விலை. ஆனால் மே மாதக் கடைசியில் ஒரு கடைக்காரர் தன் கையிருப்பு இருபதாயிரம் ஹிஞ்ச்சையும் மொத்தமாகக் கால் விலைக்குத் தருவதாகச் சொன்னார். "பூரா மால் லே லோ, பாயி!" மொத்தச் சரக்கையும் எடுத்துக்கோ என்று கையைப் பிடித்து இழுக்காத குறை. தனசீலனுக்குத் தலைகால் புரியவில்லை. சம்பளத்தில் பாதியைக் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்து பரணில் வைத்தான்.

மே கடைசியில் பசைத்தாளை எவனாவது கால் விலைக்குக் கொடுப்பானா? ஏன் கொடுக்கிறான் என்று யோசிக்க வேண்டாமா? சந்தோஷத்தில் இருக்கிறவனுக்கு அதெல்லாம் எங்கே தோன்றும்.

ஜூன் எட்டாம் தேதி மழை இறங்கியது. நாலே நாள். சுவர் வேர்த்தது, தீக்குச்சி பற்றவில்லை. டப்பாவைத் திறந்தால் இருபதாயிரமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கருப்பட்டி வட்டு மாதிரி ஒரே கட்டியாகக் கிடந்தது. கத்தியால் நெம்பிப் பார்த்தான். தாள்தான் கிழிந்தது. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். வார்டில் அந்நேரம் எத்தனை பேர் மழையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்கள் என்று நினைத்தபோது அவனுக்கு அழுகை வந்தது.

மறுநாள் கட்டியைத் தூக்கிக்கொண்டு சிஸ்டரிடம் போனான், இன்னும் ஒரு மாதம் தவணை கேட்க.

"இது என்னது?" என்றாள் சிஸ்டர்.

"ஹிஞ்ச், சிஸ்டர். இத எடுத்து, இப்படி மடிச்சு…" தனசீலன் நாக்கை நீட்டிக் காட்டினான்.

"நாக்கா!" சிஸ்டர் போட்ட சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்து உட்கார்ந்தார்கள். "துப்புற கோப்பையக்கூட மருந்துத் தண்ணியில முக்கி வைக்கிற வார்டுல, ஒருத்தன் நக்கி ஒட்டி, அடுத்தவன் உரிச்சு வாங்கி மறுபடி நக்கவா? நீங்க ரெண்டு பேரும் இப்படித்தான் ஒட்டினியளா?"

"ஆமா சிஸ்டர்."

"கர்த்தர்தான் உங்களக் காப்பாத்தியிருக்கார். நான் பாத்திருந்தா ரெண்டையும் அடுப்புல போட்டிருப்பேன். நாக்கு வச்சா ஸ்டாம்பு கிடையாது, தெரிஞ்சுக்கோ. போ."

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்தான். கை பாட்டுக்குத் தாள் வெட்டியது. பெரிய தாளைக் கவர் அளவுக்கு வெட்டும்போது ஓரத்தில் விரல் அகலத்துக்கு நீளநீளமாகப் பட்டை விழும். பல வருஷமாக விழுகிறது, பல வருஷமாக மிதிக்கிறான்.

"என்னவே, கழிவு முழங்கால் மட்டும் கிடக்கு, அதுக்குள்ள நின்னு கனவு கண்டுக்கிட்டிருக்கேரு?" என்றார் பட்டறை முதலாளி கணேசபாண்டியன். "அள்ளி வெளிய கொட்டும்."

அள்ளக் குனிந்தவன் அப்படியே நின்றான். ஒரு பட்டையை எடுத்து மேஜைமேல் கிடந்த அட்டையில் வைத்தான். அடி ஓரத்தை மட்டும் பசை தொட்டு ஒட்டினான். சட்டைப்பையிலிருந்த பஸ் டிக்கெட்டை மேலிருந்து உள்ளே நுழைத்தான். நின்றது! நம்பர்கூட உள்ளே தெரிந்தது. நாக்கும் வேண்டாம், ஸ்டாம்பில் பசையும் வேண்டாம், வேண்டும்போது எடுக்கலாம், வேண்டும்போது வைக்கலாம். இதைத்தானா கோட்டைக் கடையெல்லாம் அலைந்து தேடினோம் என்று அவனுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"அண்ணாச்சி, இந்தக் கழிவு எனக்கு வேணும்."

"எம்புட்டு?"

"மூணு சாக்கு."

"மூணென்ன, முப்பது கொண்டு போம். எனக்குக் குப்பைக்காரன் கூலி மிச்சம்" என்றார் கணேசபாண்டியன். விஷயம் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு மைதாவும் அவரே வாங்கிக் கொடுத்தார்.

பசை காய்ச்சும்போது பூச்சி அரிக்காமல் இருக்கத் துளி மயில்துத்தம் போட்டாள் செல்வமேரி. ஒரு பக்கத்துக்கு ஆறு பட்டை. மழையில் காயவில்லை. அடுத்த வீட்டில் இஸ்திரி போடுகிற பேராச்சி, கரிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ஒவ்வொரு பக்கமாகத் தேய்த்துக் காயவைத்தாள். கூலி என்று வாயெடுத்ததும், "எங்க அண்ணனும் அந்த நோவுலதான் போனான்" என்றாள். தனசீலன் அடுத்த ஆல்பத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

ஜூன் கடைசி ஞாயிறு. தனசீலனும் அனந்தநாராயணனும் ஆளுக்கொரு சாக்கோடு வார்டுக்குள் போனார்கள். சிஸ்டர் ஓர் ஆல்பத்தை எடுத்தாள். பட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், லட்சுமியைப் பார்த்தாள். "நாக்கு?" என்றாள்.

"தேவையில்ல சிஸ்டர்."

"அப்பக் குடு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் நாற்பது படுக்கைக்கும் கூடவே நடந்து வந்தாள்.

பதினேழாம் நம்பரில் ஒரு கொங்கணத்துக்காரர் இருந்தார். சுத்தமாகச் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, கால் தரையில் பட உட்கார்ந்திருந்தார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"யாரோ பாக்க வாராங்க போல. அப்புறம் குடுப்போம்" என்றான் தனசீலன்.

"யாரும் வரப் போறதில்லை" என்றார் அனந்தநாராயணன். "வார்டுல வெள்ளைச் சட்டை போட்டுண்டு உக்காந்திருந்தா அவன் கிளம்பப் போறான்னு அர்த்தம். ஆஸ்பத்திரி உடுப்போட தெருவுல போனா பிடிச்சுண்டு வந்துடுவா."

தனசீலன் இரண்டடி வைத்துவிட்டு நின்றான். திரும்பி அவர் முகத்தைப் பார்த்தான்.

"சார்… அந்தப் புதன்கிழமை நீங்க…"

"ஆமாம்."

"நீங்களுமா?"

"உமக்கு முன்னாடியே நான் ரெடி. காவல்காரன் நகரட்டும்னு உக்காந்திருந்தேன். நீர் பாட்டுக்கு மூட்டையோட எழுந்து நிக்கறீர். உம்மை அப்படிப் பாத்ததும் பகீர்னுது. இந்த ஆள் போனா செத்துப்போயிடுவான்னு நன்னாத் தெரிஞ்சது. எனக்கும் அதேதான்னு மட்டும் அதுவரைக்கும் தெரியலை. தாளைக் கொடுத்து உம்மை உக்கார வெச்சுட்டேன். அப்புறம் நான் எப்படிப் போறது? ஞாயித்துக்கிழமை மீன்கொத்தி யார் தருவா?"

"அது ஞாயித்துக்கிழமைதானே சார் வந்துச்சு?"

"எங்கேர்ந்து வரும்? அன்னிக்கே அது இந்தச் சட்டைப் பையிலதான் இருந்தது" என்று மார்பைத் தொட்டுக் காட்டினார். "எனக்குப் பிடிச்ச ஸ்டாம்ப். போறபோது எடுத்துண்டு போகலாம்னு வெச்சிருந்தேன்."

 ஒன்றரை வருஷமாகத் தான்தான் கடன்பட்டவன் என்று நினைத்துத் தனசீலன் இந்த மனிதர் வாசலில் பழத்தோடு நின்றிருக்கிறான். அவரும் தன்னைப் பார்த்து அதையேதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்! அந்தக் குமாஸ்தாவின் மெலிந்த கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அதைத் துடைக்கக்கூட அவன் கையை விடவில்லை.

"போதும் போதும். அங்க ஒருத்தன் காத்துண்டிருக்கான் பாரும்" என்றார் அனந்தநாராயணன். 

தனசீலன் முகத்தைத் துடைத்துக்கொண்டு பதினேழாம் படுக்கைக்குப் போனான். ஆல்பத்தை விரித்து அந்தக் கொங்கணத்துக்காரரின் மடியில் வைத்தான். அவர் வேண்டாவெறுப்பாகப் பார்த்தார். முதல் பட்டையில் ஐந்து மீன். ஆறாவது இடம் காலி. விரலால் அந்த இடத்தைத் தொட்டார்.

"யே ஏக் கிதர் ஹை?" இந்த ஒன்று எங்கே என்றார்.

"அக்லே ரவிவார்" என்றான் தனசீலன். அடுத்த ஞாயிறு.

அவர் ஜன்னல் வழியே மழையைப் பார்த்தார். ஆல்பத்தைப் பார்த்தார். பிறகு காலைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். தனசீலன் தன் சட்டைப்பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான். ஆல்பத்தை விரிக்கும்போது உருவி வைத்த ஆறாவது மீன் பத்திரமாக உள்ளே இருந்தது.