திருப்பிக் கொடுத்த காப்பீட்டு அட்டை

பிரிவது என்று முடிவான வாரம், கணவர் வீட்டில் எனக்குப் போட்ட நகைகளை அம்மா ஒரு எவர்சில்வர் சம்புடத்தில் வைத்துத் திருப்பி அனுப்பினாள். சம்புடமும் அவர்களுடையதுதான். “அந்த வீட்டுத் துரும்புகூட நமக்கு வேண்டாம்” என்றவள், என் மருத்துவக் காப்பீட்டு அட்டையையும் உள்ளே போட்டாள். அது அவருடைய ஆபீஸில் குடும்பத்துக்கென்று கொடுத்தது. அன்றைக்கு அது ரோஷமாகத்தான் தெரிந்தது.

இரண்டு மாதத்தில் வயிற்று வலி வந்தது. பித்தப்பையில் கல். ஆபரேஷனைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம், தவிர்க்க முடியாது என்றார் டாக்டர்.

காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் செய்தேன். பேசிய பெண் பெங்காலியில் பொறுமையாக விளக்கினாள். விவாகரத்து ஆனதும் கணவரின் பாலிசியில் எங்கள் மகள் இருப்பாள், நான் இருக்க மாட்டேன். அதன்பின் புதிதாக எடுத்தால், இருக்கிற நோய்க்கு ஆரம்பத்திலிருந்து காத்திருக்க வேண்டும். அதில் இருக்கும்போதே அவர்களுடைய தனி பாலிசிக்கு மாறக் கேட்டால், இதுவரை இருந்த வருடங்கள் சேர்ந்துகொள்ளும். சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று மறுபடி போன் செய்து இன்னொருவரிடமும் கேட்டேன். அதே பதில்.

“போயும் போயும் அங்கயா போய் நிக்கப் போற?” என்றாள் அம்மா.

“நிக்கத்தான் போறேம்மா. குழந்தைக்கு நான் வேணும்.”

மகளையும் அழைத்துப் போகலாமா என்று யோசித்தேன். அவளைக் காட்டிக் கேட்பதுபோல ஆகிவிடும். டாக்குரியாவில் அம்மா வீட்டிலிருந்து தனியாகவே கிளம்பினேன். பவானிபூரில் இறங்கிய பிறகும், திரும்பிவிடலாமா என்று அவர்கள் தெருமுனையில் நின்றேன்.

மாமியார்தான் கதவைத் திறந்தார்.

“என்ன, எதையாவது மறந்துட்டுப் போயிட்டியா?”

“ஆமா அத்தை. அந்த அட்டையை.”

“துரும்புகூட வேண்டாம்னாளாமே உங்கம்மா?”

“அம்மாவுக்கு வேண்டாம். எனக்கு வேணும்.”

பேச்சுச் சத்தம் கேட்டுக் கணவர் வெளியே வந்தார். “டிவோர்ஸ் ஆனா அது செல்லாதே?”

“அதனாலதான் இப்பவே வந்தேன். நான் பாலிசியில இருக்கேன்னு உங்க ஆபீஸ்லேர்ந்து ஒரு லெட்டர் வேணும். இனிமே என் பிரீமியத்தை நானே கட்டிக்கறேன்.”

“எனக்கு ஏதும் சிக்கல் வராதே?”

“வராது. ரெண்டு பேர்கிட்ட கேட்டுட்டேன். புது பாலிசி கைக்கு வந்தப்புறம்தான் கோர்ட்ல கையெழுத்துப் போடுவேன்.”

கடைசி வரியைச் சொல்வதாக நான் நினைத்திருக்கவில்லை. சொன்ன பிறகு அதிலேயே நின்றேன். அவர் தலையசைத்தார்.

மாமியார் உள்ளே போய் அதே சம்புடத்தை எடுத்து வந்தார். உள்ளே முறுக்கு, அதன்மேல் காகிதத்தில் சுற்றிய அட்டை. “முறுக்கு குழந்தைக்கு” என்று அழுத்திச் சொன்னார்.

லெட்டர் வந்தது. விண்ணப்பத்தில், இப்போதுள்ள நோய்கள் என்ற இடத்தில் கல்லைப் பற்றி எழுதாதே என்றாள் அம்மா. எழுதினேன். அதை எழுதியதால் மறுத்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டே இருந்தேன். மறுக்கவில்லை. பாலிசி என் பெயரில் வந்தது. மறுநாளே வக்கீலுக்குப் போன் செய்து, கையெழுத்துக்குத் தயார் என்றேன்.

அன்று மாலை அம்மா சம்புடத்தைக் கழுவித் துடைத்து வைத்திருந்தாள். “திருப்பிக் கொடுக்கணுமே. வெறும் டப்பாவா எப்படிக் கொடுக்கறது?” என்று முணுமுணுத்தபடி அதில் சர்க்கரையைக் கொட்டி மூடினாள்.

அவள் அந்தப் பக்கம் போனதும் திறந்து, சர்க்கரைக்குள் விரலை விட்டுத் துழாவிப் பார்த்தேன். அட்டை இல்லை.